அலாஸ்காவில் அண்ணனுக்கு ஒரு ரிவால்வர்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நிலையத்துக்குக் கீழே இருக்கும் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணியின் அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் காலை 10 மணி. அங்கே, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், முதல் நாள் மாலை 6 மணி.

"லீவு போட்டுட்டு வர்றேன்னு சொன்னியே, செப்டம்பர்லயே வா. அண்ணன்கூட நீயும் வேட்டைக்குப் போ. நீ எதையும் சுட வேணாம். பார்த்துட்டு வந்து எனக்கு உண்மையைச் சொல்லு, அது போதும்."

அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். படிக்கப் போன இடத்திலேயே வேலை கிடைத்து, அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கி, 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கரேஜில் இருக்கிறார். இப்போது வயது 52. ஆண்டுக்கு ஒரு மூஸ் மான் சுட்டுக் கொண்டுவந்தால் அடுத்த கோடை வரை வீட்டில் இறைச்சி வாங்க வேண்டாம் என்பது அவர் கணக்கு.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை அண்ணி அன்றுதான் என்னிடம் சொன்னார். அண்ணன் மூஸை அறுத்துக்கொண்டிருக்கிறார். கூட வந்த நண்பர் ஒரு சுமையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். பின்னால் சுள்ளி முறியும் சத்தம். திரும்பினால் 20 அடி தூரத்தில் ஒரு பழுப்புக் கரடி. அண்ணனின் இரண்டு கைகளும் முழங்கை வரை இரத்தத்தில். ரைஃபிளோ எட்டாத தூரத்தில் ஒரு மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. கரடி அவரைப் பார்த்தது, மோப்பம் பிடித்தது, ஏனோ திரும்பிப் போய்விட்டது. இதை மூன்று மாதம் கழித்துத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணு, உடம்புலயே ஒரு துப்பாக்கி இருக்கணும். இல்லாட்டி வேட்டையே வேணாம்னு சொல்லிட்டேன். உடனே ஒத்துக்கிட்டாரு. பெருசா ஒரு ரிவால்வர் வாங்கப் போறாராம். அந்தப் 'பெருசா'தான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தச் சொல் எனக்கும் உறுத்தியது. இரண்டே வாரத்தில் டிக்கெட் எடுத்தேன்.

விமான நிலையத்திலேயே கரடி

ஆங்கரேஜ் விமான நிலையத்தில் நம்மை வரவேற்பது கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து நிறுத்தப்பட்ட கரடி. பின்னங்காலில் நிற்கும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். என் தலை அதன் மார்பைக்கூட எட்டவில்லை.

அலாஸ்காவில் வாழும் மனிதர்கள் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர். பழுப்புக் கரடிகள் சுமார் 30,000. கருங்கரடிகள் சுமார் ஒரு லட்சம். 'கிரிஸ்லி' என்று படங்களில் கேட்கிறோமே, அது உள்நாட்டில் வாழும் இதே பழுப்புக் கரடிதான். கடலோரத்தில் சால்மன் மீன் தின்று வளர்பவை இன்னும் பெரியவை. நம் மலேசியக் காட்டிலும் கரடி உண்டு. ஆனால் நம்முடைய சூரியக் கரடி உலகக் கரடி இனங்களிலேயே சிறியது. அலாஸ்காவின் பெரிய ஆண் கரடி 400 கிலோவைத் தாண்டும்.

அவ்வளவு பெரிய உடம்பு மெதுவாகத்தான் நகரும் என்று நினைத்தால் அது தப்பு. மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும். உசேன் போல்ட்டை 100 மீட்டரில் தோற்கடிக்கும் வேகம். 30 மீட்டர் தூரத்திலிருந்து பாய்ந்தால் நம்மிடம் வந்து சேர இரண்டே விநாடி. நேரலையில் இரண்டு விநாடி மௌனம் விழுந்தால் எனக்கு அது யுகமாகத் தெரியும். அந்த இரண்டு விநாடிக்குள் ஒரு துப்பாக்கியை உருவி, குறிபார்த்து, சுட வேண்டும்.

கடையில்

மறுநாள் அண்ணன் என்னைத் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப்போனார். தூண்டில், கூடாரம், மழைக் காலணி, ஐஸ் பெட்டி எல்லாம் விற்கும் பெரிய கடை. ஒரு மூலையில் நீண்ட கண்ணாடி மேசை. அதற்குள் நகைக்கடையில் வளையல் அடுக்கியதுபோலக் கைத்துப்பாக்கிகள்.

நம் ஊரில் உரிமம் இல்லாமல் ஒரு துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த எனக்கு, பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன் அப்பாவோடு நின்று தோட்டாப் பெட்டி பார்ப்பதைக் கண்டதும் வயிற்றைப் பிசைந்தது. கடைக்காரர், வெள்ளைத் தாடி வைத்த பெரியவர், சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அண்ணன் குறுக்கே கையை வைத்துத் தடுத்தார். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தாம் உண்டு. என்னிடம் உரிமம் இல்லை. எனவே அந்தப் பயணம் முழுக்க நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

முதல் சந்தேகத்தை நானே கேட்டேன். ரைஃபிள்தான் இருக்கிறதே, இது எதற்கு? பெரியவர் அண்ணனின் இரண்டு கைகளையும் காட்டினார். மூஸை அறுக்கும்போது, சுமை தூக்கும்போது, இரவில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும்போது ரைஃபிள் கையில் இருக்காது. கைத்துப்பாக்கி உடம்போடு இருக்கும். ஆனால் அடிக்கும் பலத்தில் அது ரைஃபிளுக்கு ஈடாகாது என்பதையும் அவரே சொன்னார். கைத்துப்பாக்கியின் ஒரே சிறப்பு, தேவைப்படும் நேரத்தில் அது உடம்போடு இருப்பதுதான்.

இரண்டாவது சந்தேகம்: ஏன் ரிவால்வர்? 15 தோட்டா பிடிக்கும் 10 மில்லிமீட்டர் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளை இப்போது அலாஸ்காவில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ரிவால்வரில் ஐந்தோ ஆறோதான். ஆனாலும் கனமான, ஆழமாக ஊடுருவும் தோட்டாக்களை ரிவால்வர் தாங்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், சிலிண்டர் சுழன்று அடுத்தது வந்துவிடும். கரடி மேலே விழுந்து, குழல் அதன் உடம்பில் அழுந்தியிருந்தாலும் சுடும். தானியங்கி வகையில் மேல்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டால் சுடாமல் போகக்கூடும். அண்ணன் பழைய ஆள். அவர் மனம் ரிவால்வரில்தான் நின்றது.

பெரியவர் மேசைமேல் துணி விரித்து வரிசையாக வைத்தார். 357 மேக்னம், 1930களில் வந்தது. 44 மேக்னம், 1955இல் வந்தது. 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் பார்த்திருப்பீர்கள். 454 கசூல், அதைவிடப் பலமானது. கடைசியில் ஸ்மித் அண்ட் வெசன் 2003இல் கொண்டுவந்த 500 மேக்னம். தோட்டாவின் விட்டம் 12.7 மில்லிமீட்டர். குழல்வாய் என் சுட்டுவிரல் நுழையும்போல இருந்தது. அதன் தோட்டா 44 மேக்னத்தைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆற்றலோடு பாயும்.

அண்ணன் கண் அந்த 500இல்தான் நின்றது. தூக்கினார். ஒன்றரைக் கிலோவுக்கு மேல். "இதுதான்மா. இது இருந்தா எந்தக் கரடியும் கிட்ட வராது."

'கரடிக்கு அது 500 என்று எப்படித் தெரியும்?' என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பெரியவர் அதை வேறு மாதிரி கேட்டார். "சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" பக்கத்திலேயே சுடும் கூடம். எல்லா வகையும் வாடகைக்குக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் சுடு என்பது அவர் கட்சி.

உணவுத் தட்டு

கூடத்தில் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதில் பஞ்சு அடைப்பான், அதன்மேல் காதுக்கவசம். காது எனக்குச் சோறு போடும் உறுப்பு. 140 டெசிபலைத் தாண்டிய வெடிச் சத்தம் ஒரே முறையில் செவியைப் பாதிக்கலாம் என்கிறார்கள். பெரிய ரிவால்வர்கள் 160ஐயும் தாண்டும். காட்டில் கரடி வரும்போது யாரும் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு நிற்பதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் வைத்த சோதனை எளிமையானது. ஏழு மீட்டர் தூரத்தில் ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டு. மார்பு உறையிலிருந்து உருவ வேண்டும், நான்கு விநாடிக்குள் எத்தனை முறை தட்டில் அடிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். குறிபார்த்து நிதானமாகச் சுடும் போட்டி இல்லை இது.

முதலில் 500. சத்தம் கண்ணாடியைத் தாண்டி என் நெஞ்சில் அறைந்தது. துப்பாக்கி அண்ணனின் நெற்றிக்கு நேரே எழும்பி வந்தது. முதல் தோட்டா தட்டின் ஓரத்தைக் கிழித்தது. அதை மறுபடி இறக்கிக் குறிக்குக் கொண்டுவருவதற்குள் நேரம் ஓடிவிட்டது. இரண்டாவது தட்டுக்கு மேலே. மூன்றாவது முறை விசையை இழுக்கும் முன்னே அவர் கண் இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் அதை உணரவில்லை.

454 கசூல்: நான்கு விநாடியில் மூன்று தோட்டா, தட்டில் ஒன்று.

அடுத்து, அதே 44 மேக்னத்தில் எடை குறைந்த உலோகத்தில் செய்த ஒன்று. 700 கிராம்தான். நாள் முழுக்கச் சுமக்க இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையைத் தாக்கும். இரண்டு முறை சுட்டுவிட்டு வெளியே வந்தவரின் பெருவிரல் இடுக்கில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கிச் சுற்றிக்கொண்டு எதுவும் பேசாமல் உள்ளே போனார்.

கடைசியில் எஃகில் செய்த, நான்கு அங்குலக் குழல் கொண்ட 44 மேக்னம். எடை சுமார் 1.2 கிலோ. நான்கு விநாடியில் நான்கு தோட்டா. நான்கும் தட்டில். இன்னொரு முறை. நான்கில் மூன்று. 357இல் எல்லாமே நடுவில் விழுந்தன. கருங்கரடிக்கு அது போதும், பழுப்புக் கரடிக்குக் கொஞ்சம் இளைத்தது என்றார் பெரியவர்.

"இடி மாதிரி சுட்டுத் தவறவிடுறதைவிட, சுமாராச் சுட்டுப் படுறது மேல்" என்று அண்ணனே முனகினார். ஆனால் முகம் தொங்கிப்போயிருந்தது. தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டும்போது உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு முன்னால் நடந்தவர் எங்கள் தாத்தா. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அண்ணன். சிறியதைத் தேர்ந்தெடுப்பது அவருக்கு வயதை ஒப்புக்கொள்வதுபோல இருந்திருக்க வேண்டும். நானும் ஒன்றும் சொல்லவில்லை. எஃகு 44ஐயே எடுத்தார். விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். ஒரு படிவம், கணினி வழியாகப் பின்னணிச் சோதனை, அவ்வளவுதான். கோலாலம்பூரில் நான் சிம் கார்டு மாற்ற நின்ற நேரம்கூட ஆகவில்லை. அந்த எளிமை எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

தோட்டாவிலும் ஒரு பாடம் இருந்தது. மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும் தோட்டாக்களின் நுனியில் குழி இருக்கும். உடம்பில் பட்டதும் பூப்போல விரிந்து நின்றுவிடும். கரடியின் தடித்த தசைக்கும் எலும்புக்கும் அது உதவாது. விரியாமல் ஆழமாகப் போகும் கெட்டியான ஈயத் தோட்டா, தட்டையான நுனியோடு இருக்க வேண்டும். இரண்டு பெட்டி வாங்கினார். உறையும் இடுப்பில் கட்டுவதில்லை, மார்பில் குறுக்கே கட்டுவது. முதுகுச்சுமையின் இடுப்புப்பட்டை மறைக்காது, குனிந்து அறுக்கும்போதும் கைக்கு எட்டும்.

வெளியே வரும்போது பெரியவர் என்னைக் கூப்பிட்டு, தீயணைப்பான் மாதிரி ஒரு சின்ன டப்பாவைக் கையில் வைத்தார். கரடி ஸ்பிரே. உள்ளே இருப்பது நம் வீட்டுச் சாமான்தான்: மிளகாயின் காரம். "இது உங்களுக்கு" என்றார்.

மிளகாயா, தோட்டாவா?

அன்று இரவு அண்ணி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து எனக்கு இரண்டு ஆய்வுகளைக் காட்டினார். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்றவர்களும் செய்தவை. 2008இல் வெளியானது, அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட 83 சம்பவங்களைப் பார்த்தது. பழுப்புக் கரடியின் வேண்டாத நடத்தையை ஸ்பிரே நிறுத்தியது 92 விழுக்காடு. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. 2012இல் வந்தது, 1883 முதல் 2009 வரை துப்பாக்கி இருந்த 269 சம்பவங்களைப் பார்த்தது. கைத்துப்பாக்கி வென்றது 84 விழுக்காடு, நீண்ட துப்பாக்கி 76 விழுக்காடு. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்பட்ட அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி சம்பவம் இல்லம்மா. ஸ்பிரே அடிச்சதுல பாதி, சும்மா வேடிக்கை பார்க்க வந்த கரடியா இருக்கலாம். எதிர்க்காத்து அடிச்சா மொளகாய் நம்ம மூஞ்சியிலதான்." அதிலும் நியாயம் இருந்தது. ஸ்பிரே ஏழெட்டு மீட்டர்தான் போகும். ஆனாலும் மேகம்போல விரியும். கண் மூடிக்கொண்டாலும் குறி முழுக்கத் தப்பிவிடாது. அன்று சுடும் கூடத்தில் பார்த்த அந்த மூடிய கண்களை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. இன்னும் நேரம் இருந்தது.

கடைசியில் இரண்டும் போவது என்று முடிவானது. அடுத்த எட்டு நாளும் வேலை முடிந்ததும் அண்ணன் கூடத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினார். நான் வீட்டுப் பின்புறத்தில் காரம் இல்லாத பயிற்சி டப்பாவை வைத்துக்கொண்டு, பாதுகாப்புக் கொக்கியைத் தட்டி அமுக்கப் பழகினேன். அண்ணியின் ரோஜாச் செடிதான் என் கரடி.

சிவந்த நிலம்

டெனாலி நெடுஞ்சாலை பாக்சனிலிருந்து கேன்ட்வெல் வரை 217 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைக்கல் சாலை. 1957இல் திறந்தார்கள். ஆங்கரேஜிலிருந்து பாக்சனுக்கே 400 கிலோமீட்டருக்கு மேல். செப்டம்பர் தொடக்கத்தில் அந்த நிலத்தைப் பார்க்கவே போகலாம். முழங்கால் உயரக் குட்டை பெர்ச் செடிகள் செம்பருத்திச் சிவப்பில் மலை மலையாகப் பரவிக் கிடக்கின்றன. அதற்கு மேலே அலாஸ்கா மலைத்தொடரின் பனி. ஒரு மின்கம்பம் இல்லை, கைப்பேசிக்கு அலை இல்லை. நான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வெறும் அமைதியை ஐந்து நிமிடம் பதிந்தேன். திரும்பக் கேட்டபோது என் மூச்சுதான் கேட்டது.

அந்த அமைதிதான் அங்கே ஆபத்து. திடீரென்று எதிரே மனிதனைப் பார்த்துத் திடுக்கிடும் கரடிதான் தாக்கும் வாய்ப்பு அதிகம். குட்டியோடு இருந்தாலோ, இரையின்மேல் இருந்தாலோ இன்னும் மோசம். எனவே நடக்கும்போது பேச வேண்டும், பாட வேண்டும், கை தட்ட வேண்டும். "உனக்குச் சம்பளம் கொடுக்கிறதே அதுக்குத்தானே, பேசு" என்றார் அண்ணன். மூஸைத் தேடும்போது மௌனம். மற்ற நேரமெல்லாம் என் நிகழ்ச்சி. போக்குவரத்து நிலவரம் சொன்னேன். வானிலை சொன்னேன். பிறந்தநாள் வாழ்த்து வாசித்தேன். புதர்களுக்கு வணக்கம் சொன்னேன். என் வாழ்நாளிலேயே நேயர் யாரும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நடத்திய நிகழ்ச்சி அதுதான்.

மூன்றாம் நாள் காலை மூஸ் கிடைத்தது. சட்டப்படி கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிப்பக்கக் கிளைகளின் எண்ணிக்கை கணக்குக்கு வர வேண்டும். அண்ணன் தொலைநோக்கியில் அரை மணி நேரம் எண்ணினார். பிறகு ரைஃபிளில் ஒரே தோட்டா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேட்டையைப் பற்றி எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. ஆனால் உண்ணக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம் என்பதையும், 200 கிலோவுக்கு மேலான இறைச்சியை ஒரு துண்டு விடாமல் முதுகில் சுமக்க வேண்டும் என்பதையும் பார்த்தபின், சந்தையில் பொட்டலமாக வாங்கும் நான் எதையும் பெரிதாகப் பேச முடியாது.

அறுத்து முடிக்க ஐந்து மணி நேரம். அண்ணன் குனிந்திருக்க, நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்று புதர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஸ்பிரே, வாயில் நிகழ்ச்சி. அவர் மார்பில் 44. இறைச்சிப் பைகளைக் குடல் கிடந்த இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி, நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் மேட்டில் சேர்த்தோம். வண்டி ஒன்றரைக் கிலோமீட்டர். போய்ப் போய்ச் சுமந்தோம்.

கடைசி நடை. ஒரே ஒரு பைதான் மிச்சம். மாலை 6 மணி இருக்கும். நான் அன்றைய மூன்றாவது செய்தி அறிக்கையை வாசித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். கீழே, குடல் கிடந்த இடத்தில், சிவப்புச் செடிகளுக்கு நடுவே ஒரு பழுப்பு முதுகு.

செய்தி தொண்டையிலேயே நின்றது.

அது தலையைத் தூக்கியது. பிறகு பின்னங்காலில் எழுந்து நின்றது. தூரம் 100 மீட்டர் இருக்கும். எங்கள் பை எங்களுக்கும் அதற்கும் நடுவில், எங்கள் பக்கமாக 20 அடியில். அண்ணனின் கை மார்பு உறையில் போய் அமர்ந்தது. உருவவில்லை. உருவாமலே ஓர் அடி முன்னால் வைத்தார். பையை நோக்கி.

அந்த ஓர் அடிதான் என் பயணத்தின் மிகப் பெரிய பயம். கரடியைக் கண்டதைவிட அதுதான்.

"அண்ணே, வேணாம். திரும்புவோம்." நான் கத்தவில்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் பேசும் அதே குரலில் சொன்னேன். அவர் நின்றார். மூன்று விநாடி. பிறகு தாழ்ந்த குரலில் கரடியைப் பார்த்துத் தமிழில், "சரிப்பா, நீ சாப்பிடு. நாங்க போறோம்" என்றார். இருவரும் பின்பக்கமாகவே, முதுகைக் காட்டாமல், மெல்ல மெல்ல இறங்கினோம். ஓடவில்லை. ஓடினால் துரத்தும். கரடி மறுபடி நான்கு காலில் இறங்கித் தின்னத் தொடங்கும் சத்தம் கேட்டது.

இரவு வண்டிக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து அவரே பேசினார். "இது நெஞ்சுல இல்லாம இருந்திருந்தா அந்த ஒரு அடி வெச்சிருக்க மாட்டேன்மா. பார்த்ததும் திரும்பியிருப்பேன்."

மறுநாள் வெளிச்சம் நன்றாக வந்தபின், காற்று எங்கள் பின்னாலிருந்து வீச, சத்தம் போட்டுக்கொண்டே போனோம். கரடி இல்லை. குடல் கிடந்த இடத்தில் மண்ணும் பாசியும் குவித்து மூடியிருந்தது. அப்படிப் புதைத்து வைத்தால் அது திரும்பி வரும் என்று பொருள். பை தொடப்படாமல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம்கூட நிற்காமல் நடந்தோம்.

பையைக் காக்க அவர் அந்தக் கரடியைச் சுட்டிருந்தால்? உயிர்வாழ அந்த இறைச்சியே கதி என்ற நிலை இல்லாமல், இறைச்சிக்காகக் கரடியைக் கொல்ல அங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. உயிரைக் காக்கச் சுட்டாலும் தோலையும் மண்டையோட்டையும் உரித்து அரசிடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்து அறிக்கை தர வேண்டும்.

அண்ணிக்குச் சொன்னது

வீடு திரும்பிய மறுநாள் அண்ணி மூஸ் பிரட்டல் வைத்தார். இஞ்சி பூண்டு, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் நம் கைமணம்தான். மூஸ் மாடா மானா என்ற சண்டை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை. மான் இனத்திலேயே பெரியது அது என்பது அண்ணனின் வாதம். மாட்டிறைச்சி தொடாத எங்கள் அம்மா அதை நம்பத் தயாராக இல்லை.

பாத்திரம் கழுவும்போது அண்ணி கேட்டார். "சொல்லு. அது அவருக்குப் பாதுகாப்பா?"

எல்லாவற்றையும் சொன்னேன். 500இல் மூடிய கண்ணையும், 44இல் விழுந்த தட்டையும், அந்த ஓர் அடியையும். "நல்லதைத்தான் வாங்கியிருக்காரு அண்ணி. அவரு கைக்கு அடங்குறது. ஆனா தனியா மட்டும் அனுப்பாதீங்க."

அண்ணி கொஞ்ச நேரம் குழாயை மூடாமலே நின்றார். "அடுத்த வருஷம் நான் போறேன்" என்றார். மறுவாரம் இரண்டு ஸ்பிரே டப்பா வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. அண்ணன் அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை சுடும் கூடத்துக்குப் போனார். இரண்டு பெட்டிக் கெட்டி ஈயத் தோட்டாவில் காட்டில் செலவானது ஒன்றுகூட இல்லை.

போகிறவர்களுக்கு

அலாஸ்கா போகும் நம்மவர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டவர் அங்கே பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். நடக்கவும் படம் எடுக்கவும் போகிறவர்கள் கரடி ஸ்பிரேயை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பெட்டியிலோ அனுப்பும் பெட்டியிலோ வைத்து விமானத்தில் கொண்டுவர முடியாது. வாங்கியதும் பைக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம். கூட்டமாகப் போங்கள். ஓடாதீர்கள்.

முக்கியமாக, பேசிக்கொண்டே நடங்கள். எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழ் அங்கே நன்றாக வேலை செய்கிறது.